ஜெல் மருந்துல வாயை வச்சுட்டு திரும்பிப் போகுது, கரப்பானுக்கு அது விஷம்னு எப்படித் தெரியுது?

மெஸ்_மலர்:

வணக்கம். திருச்சில நானும் எங்க வீட்டுக்காரரும் சின்னதா ஒரு மெஸ் நடத்துறோம், மத்தியானம் சாப்பாடு, ராத்திரி டிபன். பிரச்சனை கரப்பான். பெரிய செவப்புக் கரப்பான் இல்லை, அது எப்பவாச்சும் ஜலதாரை வழியா ஒண்ணு ரெண்டு வரும், துடைப்பத்தால ஒரு போடு போட்டா முடிஞ்சுது. இது சின்னது, வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்புக் கோடு பக்கத்துப் பக்கத்துல ஓடும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் மடிப்புல, சுவிட்ச் போர்டுக்குள்ள, அடுப்பு மேடைக்கு அடியிலன்னு எங்க பாத்தாலும் குடும்பம் குடும்பமா இருக்கு.

பூச்சி மருந்து அடிக்கிற ஆளுங்க வந்து ஜெல் மருந்தைச் சொட்டுச் சொட்டா வச்சுட்டுப் போனாங்க. ஆரம்பத்துல சொல்லவே வேணாம், காலைல கூட்டுனா முறத்துல அள்ளலாம், அவ்வளவு செத்துக் கிடந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு இப்ப ஜெல்லும் அப்படியே இருக்கு கரப்பானும் அப்படியே இருக்கு. போன் பண்ணிக் கேட்டா டோஸ் ஏத்தி வைக்கிறோம் மேடம்ங்கிறாங்க, ஏத்தியும் வச்சாங்க, காசு போனதுதான் மிச்சம்.

அதான் நானே பாத்துருவோம்னு கடை மூடுனதுக்கப்புறம் லைட்டெல்லாம் அணைச்சுட்டு செல்போன் டார்ச்சுல செவப்புக் கண்ணாடிப் பேப்பரைச் சுத்திக்கிட்டு உக்காந்தேன் (செவப்பு வெளிச்சம் அதுக்கு அவ்வளவா தெரியாதுன்னு பையன் சொன்னான்). ஒண்ணு நேரா ஜெல்லுகிட்ட வந்துச்சு, மீசையால தட்டிப் பாத்துச்சு, ஓடலை. தலையைக் குனிஞ்சு வாயை வச்சுச்சு பாருங்க, வச்ச வேகத்துல வெடுக்குன்னு பின்னாடி இழுத்துக்கிச்சு. வாய்க்குப் பக்கத்துல குட்டிக் கை மாதிரி ரெண்டு தொங்குமே, அதைத் துடைச்சுத் துடைச்சு விட்டுட்டு நேரா போயி மிக்ஸி மூடியில ஒட்டியிருந்த வேர்க்கடலைச் சட்னியைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. அடுத்ததா வந்ததும் அதேதான்.

மோந்து பாத்தே விஷம்னு தெரிஞ்சிருந்தா கிட்டயே வந்திருக்காதுல்ல? வாயை வச்சதுக்கப்புறம்தானே வேணாம்னு போகுது. அப்போ விஷத்தோட ருசி அதுக்குத் தெரியுதா? இல்ல கூட இருந்ததெல்லாம் செத்ததைப் பாத்துப் புத்தி வந்திருச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சும்மா_வந்தேன்:

அக்கா வேர்க்கடலைச் சட்னியை விட்டுட்டு நானா இருந்தாலும் ஜெல்லைத் தின்ன மாட்டேன் 😂 மெஸ் எந்த ஏரியான்னு சொல்லுங்க


பூச்சிக்காரன்:

மேல இருக்கிறவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் அதுல பாதி உண்மை இருக்கு, அதை அப்புறம் யாராவது சொல்லுவாங்க. நான் பூச்சியியல் படிச்சவன், ருசி விஷயத்தை மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

அக்கா நீங்க பாத்த விதம்தான் சரியான விதம். ஜெல் வேலை செய்யலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, வாயை வச்சுச்சா வைக்காமயே போச்சான்னு யாரும் பாக்க மாட்டாங்க. தூரத்துல இருந்தே திரும்புனா அது மோப்பம், வாயை வச்சுட்டுத் திரும்புனா அது ருசி, ரெண்டுக்கும் வேற வேற உறுப்பு வேற வேற நரம்பு.

பூச்சிக்கு நம்ம மாதிரி நாக்கு கிடையாது. ருசி பாக்குறதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குட்டி முடிங்கதான். கரப்பானுக்கு அது வாயைச் சுத்தி இருக்கிற பாகங்கள்ல நிறைய இருக்கு, நீங்க சொன்ன அந்தக் குட்டிக் கைக்குப் பேரு பால்ப், அதுலயும் இருக்கு. ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் கால் பாதத்துலயே இருக்கு, அதனாலதான் ஈ சர்க்கரைத் தண்ணி மேல கால வச்ச உடனே உறிஞ்சுகுழலை நீட்டும், வாய் பட வேண்டிய அவசியமே இல்ல. மோப்ப முடியில பக்கவாட்டுல எக்கச்சக்க ஓட்டை இருக்கும், ருசி முடியில நுனியில ஒரே ஒரு ஓட்டைதான். சாப்பாட்டுல கரைஞ்சிருக்கிறது அந்த ஓட்டை வழியா உள்ள இறங்குனா அங்க நரம்பு செல்லோட நுனி இருக்கும். ஈயை எடுத்துக்கிட்டா ஒரு முடிக்குள்ள பொதுவா நாலு செல்லு, ஒண்ணு இனிப்புக்கு, ஒண்ணு தண்ணிக்கு, ஒண்ணு உப்புக்கு, நாலாவது வேணாம்னு சொல்றதுக்கு. மொத்த ருசி உலகமும் அவ்வளவுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கிறதே அழகான விஷயம். 1955ல ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர்னு மூணு பேரு முடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாயில சர்க்கரைத் தண்ணியை நிரப்பி ஈயோட ஒரே ஒரு ருசி முடியோட நுனிக்கு மேல தொப்பி போடுற மாதிரி மாட்டுனாங்க. அந்தத் தண்ணிதான் ருசியும், அந்தத் தண்ணிதான் கரண்ட் கம்பியும். நரம்பு துடிக்கிறது அப்படியே மெஷின்ல விழுந்துச்சு. இன்னைக்கும் லேப்ல இதே முறைதான். வின்சென்ட் டெதியர்னு ஒருத்தர் வாழ்க்கையில பெரும் பகுதியை ஈயோட ருசியைப் பாக்குறதுலயே செலவழிச்சாரு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். விஷம்னு தனியா ஒரு ருசி கிடையாது. கசப்பு நரம்புல பல வகையான ரிசெப்டர் (ருசியைப் பிடிக்கிற குட்டிப் பூட்டு மாதிரின்னு வச்சுக்குங்க) இருக்கும், காஃபின், குயினைன், நிகோடின்னு செடிங்க காலங்காலமா தயாரிக்கிற சரக்குல எது பட்டாலும் அடிக்கிறது என்னவோ அதே மணிதான், துப்பு, போ. அதுக்கு விஷமா இல்லையான்னு தெரியாது, கசக்குதா இல்லையான்னுதான் தெரியும். ஜெல் கம்பெனிக்காரங்களும் இது தெரிஞ்சுதான் கசப்பு மணி அடிக்காத மருந்தா, அடிக்காத அளவுல போடுவாங்க. அப்போ எது கசக்குதுன்னு கேட்டா, விஷம் கசக்குறதில்லை, இனிப்பே கசக்க ஆரம்பிச்சிருக்கலாம்.

நிஜமாத்தான் சொல்றேன். 1980கள்ல அமெரிக்காவுல இந்தச் சின்னக் கரப்பானுக்கு (ஜெர்மன் கரப்பான்னு பேரு) விஷத் தீனி வச்சு கொல்றது பெருசா வந்துச்சு. விஷம் மெதுவா கொல்றதுதான், தின்னுட்டு பொந்துக்குப் போயி அங்க சாவும், அதோட எச்சத்தைத் தின்னு குஞ்சுங்களும் சாவும். இழுக்குறதுக்கு உள்ள குளுக்கோஸ் போட்டிருந்தாங்க. சில வருஷத்துல ஃபுளோரிடாவுல கெய்ன்ஸ்வில்ங்கிற ஊர்ல சில வீட்ல வேலை செய்யல. ஜூல்ஸ் சில்வர்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அந்த மாதிரி கரப்பானைப் பிடிச்சிட்டுப் போயி தீனியில இருக்கிற ஒவ்வொரு பொருளா தனித்தனியா வச்சுப் பாத்தாரு. விஷத்தைத் தனியா எடுத்துட்டாலும் தீனியைத் தொடல. கடைசில பாத்தா அது வேணாம்னது குளுக்கோஸை. குளுக்கோஸ் இல்லாத தீனியில அதே விஷத்தை வச்சா தின்னுட்டு செத்துச்சு. 1993ல இதைப் பேப்பரா போட்டாரு.

செத்ததைப் பாத்துப் புத்தி வந்துச்சான்னு கேட்டீங்களே, அங்கயும் அந்தச் சந்தேகம்தான் வந்துச்சு. ஆனா முட்டையில இருந்து வந்து விஷத் தீனியையே பாக்காத குஞ்சும் குளுக்கோஸை ஒதுக்குச்சு. அப்பன் ஆத்தாகிட்ட இருந்து ஒரே ஒரு ஜீன் வழியா வர்ற குணம் அது. கூட்டத்துல எப்பவோ ஒண்ணு ரெண்டு அப்படிப் பிறந்திருக்கும், இனிப்பு பிடிச்சதெல்லாம் தின்னு செத்துச்சு, இனிப்பு பிடிக்காத கோணப்புத்திக்காரன் மட்டும் பிழைச்சு பிள்ளை பெத்தான், கொஞ்ச நாள்ல சமையக்கட்டு முழுக்க அவன் வம்சம். புத்தியும் வரல ஒண்ணும் வரல, இனிப்பு பிடிக்காதது மிச்சமிருக்கு, அவ்வளவுதான்.

உள்ள என்ன மாறிச்சுங்கிறது தெரிய இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 2013ல நார்த் கரோலினா ஸ்டேட் யூனிவர்சிட்டில அயாகோ வாடா-கட்சுமாடா, சில்வர்மேன், கோபி ஷால் மூணு பேரும் அந்த முடியில குழாயை மாட்டிப் பாத்தாங்க. சாதாரணக் கரப்பானுக்கு குளுக்கோஸ் பட்டா இனிப்பு நரம்பு மட்டும் அடிக்குது. இந்த வம்சத்துக்கு குளுக்கோஸ் பட்டா கசப்பு நரம்பும் சேர்ந்து அடிக்குது, இனிப்பு நரம்போட சத்தமும் அடங்கிப் போகுது. பழத்துல இருக்கிற ஃபிரக்டோஸ் வச்சா ரெண்டும் ஒரே மாதிரி ஆசையா தின்னுது. அவங்க எடுத்த வீடியோவுல ஜாமைத் தொட்டுட்டுக் கரப்பான் எல்லாம் பின்வாங்கி பீனட் பட்டர்ல போயி மொய்க்கும். நீங்க வேர்க்கடலைச் சட்னின்னு எழுதுனதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.


மெஸ்_மலர்:

தம்பி இவ்வளவு பொறுமையா எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. இனிப்பே கசக்குமாம், எங்க மாமியார் சுகர் வந்தப்புறம் கூட அப்படிச் சொல்லல. அப்போ எங்க கடையில இருக்கிறதும் அந்த வம்சம்தானா, அமெரிக்காவுல இருந்தா வந்துச்சு?


பூச்சிக்காரன்:

அமெரிக்காவுல இருந்து வரணும்னு அவசியமே இல்லக்கா. 2024ல 17 நாட்டுல இருந்து 281 கரப்பானோட ஜீனை ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஜெர்மன் கரப்பான்னு லின்னேயஸ் 1767ல பேரு வச்சாரே தவிர அது பிறந்தது இந்தியா இல்லன்னா மியான்மர் பக்கம், சுமார் 2100 வருஷத்துக்கு முன்னாடி ஆசியக் கரப்பான்ல இருந்து பிரிஞ்சு வந்ததுன்னு தெரிஞ்சுது. இங்க இருந்துதான் அங்க போயிருக்கு, கப்பல்ல ஓசி பிரயாணம்.

உங்க கடையில இருக்கிறது குளுக்கோஸ் பிடிக்காத வகையான்னு இங்க இருந்து சொல்ல முடியாது. ஆனா சோதிக்கலாம், செலவே இல்ல. கொஞ்சம் மைதாவைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு ரெண்டு உருண்டை, ஒண்ணுல மருந்துக்கடை குளுக்கோஸ் பவுடர், இன்னொண்ணு வெறும் மாவு. மருந்து எதுவும் வேணாம். அதே செவப்பு பேப்பர் டார்ச்சோட உக்காந்து பாருங்க. சாதாரணக் கரப்பானா இருந்தா இனிப்பு மாவுக்குத்தான் அடிச்சுக்கும். வெறும் மாவைத் தின்னுட்டு இனிப்பை மட்டும் துப்பிட்டுப் போனா அப்போ சந்தேகப்படலாம்.


கோவை_மருந்தடி:

வணக்கமுங்க. நான் இதே தொழில்ல தான் இருக்கேன், மருந்து அடிக்கிறது. தம்பி சொல்றது படிப்புக்குச் சரிங்க, ஆனா நான் போற பத்து இடத்துல ஒம்பது இடத்துல ஜீன் எல்லாம் காரணமே இல்லீங்க. ஜெல் வச்ச இடத்துலயே நேத்து யாராச்சும் ஸ்ப்ரே அடிச்சிருப்பாங்க, ஸ்ப்ரே வாடையும் மருந்தும் ஜெல் மேல படிஞ்சா எந்தக் கரப்பானும் வாயை வைக்காது. இல்லாட்டி தினமும் ஃபினாயில் துணியால துடைக்கிற இடத்துல வச்சிருப்பாங்க. அடுப்புச் சூட்டுல ஜெல்லு காஞ்சு பிசின் மாதிரி ஆயிருக்கும், மேல எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் படிஞ்சிருக்கும். ருசி பாக்கோணும்னா கரையோணும் இல்லீங்களா, காஞ்சு போனதுல என்னத்தைப் பாக்கும்.

அப்புறம் முதல்ல ஒருத்தர் கிண்டலா சொன்னாரே, அதுதான் முக்கியம். ராத்திரி மிக்ஸி மூடியில சட்னி இருக்கு, சிந்துன மாவு இருக்கு, எச்சில் வாளி தொறந்து இருக்குன்னா ஜெல்லை எதுக்குங்க திங்கோணும். மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, மெஸ்ஸுன்னா எல்லா இடத்துலயும் இப்படித்தான்.

டோஸ் ஏத்துறேன்னு சொன்னது எனக்கே சிரிப்பா இருக்கு, வாயிலயே வைக்காததுக்கு டோஸ் ஏத்தி என்னங்க பண்றது. மருந்தை மட்டும் மாத்துனாலும் பிரயோஜனம் கம்மி, இழுக்குற தீனி வேற மாதிரி இருக்கிற ஜெல்லா மாத்தச் சொல்லுங்க. பெரிய பெரிய சொட்டா நாலு இடத்துல வைக்காம பொட்டுக்கடலை அளவுல நிறைய இடத்துல, அதுவும் அது ஒளியிற சந்துக்குப் பக்கத்துலயே வைக்கச் சொல்லுங்க. அது ரொம்ப தூரமெல்லாம் வந்து திங்காதுங்க.


மெஸ்_மலர்:

ஸ்ப்ரே அடிச்சோம். ஜெல் வேலை செய்யலைன்னு எங்க வீட்டுக்காரர்தான் கடையில வாங்கிட்டு வந்து எல்லா மூலையிலயும் அடிச்சாரு. ஜெல் வைக்க வந்தவங்க ஒருத்தர்கூட அதைச் சொல்லலையே.


மார்த்தாண்டம்_தேன்:

இடையில வாறதுக்கு மன்னிக்கணும், இங்க பூச்சி ருசி தெரிஞ்ச ஆளு இருக்குறதால ஒரு கேள்வி. நான் குமரி மாவட்டத்துல ரப்பர் தோட்டத்துக்குள்ள தேன்பெட்டி வச்சிருக்கேன். பக்கத்துல வாழைக்கும் காய்கறிக்கும் மருந்து அடிச்சா என் பெட்டியில தேனீ குறையுது. கரப்பானுக்கே வாயை வச்ச உடனே வேணாம்னு போகத் தெரியும்போ தேனீக்கு அந்த மருந்துத் தேனைக் குடிக்காண்டாம்னு ஏன் தெரியல்ல? அது கரப்பானைவிட புத்தியுள்ள ஜீவன்தானே.


பூச்சிக்காரன்:

நல்ல கேள்வி அண்ணே, இது என்னையும் ரொம்ப நாள் குடைஞ்ச விஷயம்.

புத்திக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்ல. 2006ல மேற்கத்தியத் தேனீயோட மொத்த ஜீனையும் படிச்சப்ப ருசி ரிசெப்டருக்கான ஜீன் வெறும் 10தான் கிடைச்சுது. பழ ஈக்கு அதே குடும்பத்துல 60 ஜீன், அதுல இருந்து 68 வகை ரிசெப்டர். மலேரியா பரப்புற கொசுவுக்கு 76. அழுகுன பழத்துல மேயுற ஈக்கு எது நல்லது எது கெட்டதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பாக்கணும். தேனீக்கு அந்தக் கவலை கம்மி, ஏன்னா பூ அதுக்குன்னே தேன் வச்சு வா வான்னு கூப்பிடுது, விருந்து வைக்கிறவன் வீட்ல யாரும் சாப்பாட்டைச் சந்தேகப்பட மாட்டாங்க. அதனால கசப்பைக் கண்டுபிடிக்கிற சரக்கெல்லாம் அதுக்கு அதிகமா இல்ல.

உங்க மருந்து விஷயத்துக்கு நேரடியாவே ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2015ல இங்கிலாந்துல நியூகாசில் யூனிவர்சிட்டிக்காரங்க தேனீக்கும் பம்பிள் தேனீக்கும் ரெண்டு குழாய்ல சர்க்கரைத் தண்ணி வச்சாங்க, ஒண்ணு வெறும் சர்க்கரை, இன்னொண்ணுல வயல்ல அடிக்கிற பூச்சி மருந்து துளியூண்டு, இமிடாகுளோபிரிட் இல்லன்னா தயமெத்தாக்சாம். ஒதுக்கும்னுதான் எதிர்பாத்திருப்பாங்க. ஒதுக்கலை, மருந்து கலந்ததையே கூடக் குடிச்சுது. ருசி முடியில கம்பி மாட்டிப் பாத்தா இந்த மருந்துக்கு எந்த நரம்பும் அசையவே இல்ல, கசப்பும் இல்ல இனிப்பும் இல்ல. ருசியே தெரியாத ஒண்ணை எப்படி விரும்புதுன்னா அது உள்ள போயி மூளையில வேலை பாக்குறதாலன்னு அவங்க நினைக்கிறாங்க, நிகோடின் வேலை பாக்குற அதே இடத்துல. பீடி சிகரெட் பழக்கம் மாதிரின்னு வச்சுக்குங்க.

இதே இமிடாகுளோபிரிட்தான் கரப்பான் ஜெல் சிலதுலயும் இருக்கு. ஐரோப்பிய யூனியன் 2018ல இமிடாகுளோபிரிட், தயமெத்தாக்சாம், குளோதியானிடின் மூணையும் வெளி வயல்ல அடிக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. தேனீ தானா ஒதுங்கிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க அண்ணே. பூ பூத்திருக்கும்போது அடிக்காதீங்கன்னு பக்கத்துத் தோட்டக்காரங்ககிட்ட பேசுறது ஒண்ணுதான் வழி, அடிச்சே ஆகணும்னா தேனீ பறக்காத சாயங்காலத்துக்கு மேல.


மார்த்தாண்டம்_தேன்:

செரி தம்பி. பேசியாச்சு, கேக்கமாட்டேங்குறாவ, இனி இதைக் காட்டிப் பேசிப் பாக்கேன்.


வேம்பு63:

அந்தக் காலத்துல எங்கம்மா உளுந்து பயறு டப்பாவுல காஞ்ச வேப்பிலையைப் போட்டு வைப்பாங்க, ஜெல்லும் கிடையாது ஜீனும் கிடையாது. நம்ம முன்னோர்கள் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டாங்க, இவங்க இப்பதான் கம்பி மாட்டிப் பாக்குறாங்க.


பூச்சிக்காரன்:

வேப்பிலை விஷயம் உண்மைதான் ஐயா, அதுவும் இதே ருசிக் கதைதான். 1959ல சூடான் நாட்டுல வெட்டுக்கிளி படை இறங்கி கண்ணுல பட்ட பச்சையெல்லாம் மொட்டையடிச்சுது, வேப்ப மரம் மட்டும் இலையோட நின்னுச்சு. ஹைன்ரிச் ஷ்முட்டரர்னு ஒரு ஜெர்மன் பூச்சியியல்காரர் அங்க இருந்து அதைப் பாத்தாரு, அப்புறம் வாழ்க்கை பூரா வேம்புதான் அவருக்கு. 1968ல அசாடிராக்டின்னு அதோட சத்தைப் பிரிச்சு எடுத்தாங்க. பாலைவன வெட்டுக்கிளிக்கு வாய்ப்பக்கம் இருக்கிற முடியில அது பட்டா கசப்பு நரம்பு அலறும், மிக மிகக் கொஞ்சமா இருந்தாலே போதும், பட்டினி கிடந்தாலும் தின்னாது. ஆனா எல்லாப் பூச்சிக்கும் அந்த அளவு கசக்காதுங்கிறதையும் சொல்லணும், சிலது கசப்புன்னே கண்டுக்காம தின்னும், தின்னப்புறம் தோல் உரிக்க முடியாம சாவும், அது வேற வழி. முன்னோர் கவனிச்சு வச்சாங்க, இவங்க ஏன்னு பாத்தாங்க, ரெண்டும் வேணும் ஐயா.

இதுக்கு நேர்மாறா பட்டுப்புழு இருக்கு. ஓசூர் தர்மபுரி பக்கம் வளக்கிறவங்களுக்குத் தெரியும், மல்பெரி இலையைத் தவிர எதைப் போட்டாலும் தின்னாது. 2019ல சீனாவுல அதோட ஒரே ஒரு கசப்பு ரிசெப்டர் ஜீனை வெட்டி எடுத்துப் பாத்தாங்க, அவ்வளவுதான், ஆப்பிள் பேரிக்காய் சோளம் வேர்க்கடலைன்னு கண்டதையும் கடிக்க ஆரம்பிச்சிருச்சு. மல்பெரி மேல காதல்னு நினைச்சா, மத்ததெல்லாம் கசந்ததாலதான் மல்பெரிகிட்ட நின்னிருக்கு.


சுகர்ஃப்ரீ_சுந்தர்:

சூப்பர் த்ரெட்டுங்க. நான் டீயில சுகர் ஃப்ரீ மாத்திரை போடுறவன். மிச்ச டீ டம்ளர்ல ரெண்டு நாள் கிடந்தாலும் ஒரு எறும்பு வராது, பக்கத்துல வீட்டம்மா டம்ளர்ல பிள்ளையார் எறும்பு ஊர்வலம். எறும்பே தொடாததை நான் குடிக்கிறேனே, அது விஷம்னுதானே அர்த்தம்? வாட்ஸப்புல கூட வந்துச்சு.


பூச்சிக்காரன்:

வாட்ஸப்பை விடுங்க சுந்தர் சார். எறும்பு அதை ஆபத்துன்னு ஒதுக்கல, அதுக்கு அது இனிப்பாவே தெரியல, அவ்வளவுதான். நம்ம நாக்குல இனிப்பு பிடிக்கிற ரிசெப்டரும் பூச்சியோடதும் ஒரே வேலை செஞ்சாலும் சொந்தமே கிடையாது, வேற வேற குடும்பம். அஸ்பார்டேம்ங்கிற செயற்கை இனிப்பு நம்மோடதுல போயி உக்காரும், அதோடதுல உக்காராது. தேனீ நடனத்தைக் கண்டுபிடிச்சாரே கார்ல் வான் ஃபிரிஷ், 1973ல நோபல் வாங்குனவர், அவரு அந்தக் காலத்துலயே சாக்கரின் தேனீக்கு இனிக்காதுன்னு காட்டியிருக்காரு. பூனைக்கும் இனிப்பு தெரியாது, அந்த ஜீன் அதுக்குக் கெட்டுப் போச்சு, அதுக்காக லட்டு விஷமா?

நேர்மாறாவும் நடக்கும். எரித்ரிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கு, நம்ம சாப்பிடுறதுதான். அமெரிக்காவுல ஆறாவது படிச்ச ஒரு பையன் ஸ்கூல் புராஜெக்டுக்காக பழ ஈக்கு விதவிதமான இனிப்பைப் போட்டுப் பாத்தான், எரித்ரிட்டால் இருக்கிற சரக்கைத் தின்ன ஈயெல்லாம் சீக்கிரமே செத்துப் போச்சு. டிரெக்சல் யூனிவர்சிட்டில இதை முறையா திருப்பிச் செஞ்சு 2014ல பேப்பரா போட்டாங்க, மத்த ஈயெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சு, இது சராசரியா 5.8 நாள். அதைவிட வேடிக்கை, சர்க்கரையையும் இதையும் பக்கத்துல வச்சா ஈ இதைத்தான் கூடத் தின்னுச்சு. எறும்பு தொடாததெல்லாம் விஷமும் இல்ல, ஈ மொய்க்கிறதெல்லாம் நல்லதும் இல்ல.


சும்மா_வந்தேன்:

ப்ரோ அந்த இனிப்பு பிடிக்காத கரப்பான் வம்சத்துக்கு வேற ஏதாவது நஷ்டம் உண்டா, இல்ல ஜாலியா இருக்கா


பூச்சிக்காரன்:

இருக்கு, செம நஷ்டம், கல்யாணத்துலயே கை வச்சிருச்சு.

ஜெர்மன் கரப்பான்ல ஆண் பொண்ணுகிட்ட வந்து முதுகைக் காட்டித் திரும்பி இறக்கையைத் தூக்கும். இறக்கைக்கு அடியில முதுகுல ஒரு சுரப்பி, அதுல இருந்து கல்யாண விருந்து மாதிரி ஒண்ணு ஊறும், புரதம் கொழுப்பு எல்லாம் கலந்தது, மால்டோஸ் மாதிரி சர்க்கரையும் இருக்கும். பொண்ணு மேல ஏறி அதை நக்கும், அது நக்கிட்டு இருக்கிற அந்தச் சில நொடியில ஆண் இணைஞ்சுக்கும். மால்டோஸ்ங்கிறது ரெண்டு குளுக்கோஸ் சேர்ந்தது. பொண்ணோட எச்சில் பட்டதும் அது உடைஞ்சு குளுக்கோஸ் ஆயிடும். சாதாரணப் பொண்ணுக்குச் சிக்கல் இல்ல. இந்த வம்சத்துப் பொண்ணுக்கு முதல் வாய் நல்லா இருக்கும், அடுத்த நொடி வாயெல்லாம் கசக்கும், ஆண் பிடிக்கிறதுக்குள்ள இறங்கி ஓடிடும். 2022ல அதே நார்த் கரோலினா டீம் இதைக் காட்டுனாங்க.

அதுக்காக வம்சம் அழிஞ்சிடல. அந்த வம்சத்து ஆணுங்க இப்ப வேகமா இணையுது, சுரப்பியிலயும் மால்டோஸைக் குறைச்சு மால்டோட்ரையோஸை (மூணு குளுக்கோஸ் சேர்ந்தது) ஏத்தியிருக்கு, அது எச்சில்ல குளுக்கோஸா உடைய நேரம் கூட ஆகும். கசக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். விஷத் தீனி வச்சது நாம, மாறுனது கரப்பானோட சமையலு.


மெஸ்_மலர்:

ராத்திரி அந்த மாவு உருண்டை வச்சுப் பாத்தோம், ரெண்டையும்தான் தின்னுது, இனிப்பு உருண்டையில கூட்டம் கூட. அப்போ எங்களுது பழைய வம்சம்தான் போல, ஸ்ப்ரே வேலைதான். வீட்டுக்காரர் கப்சிப். கோவை அண்ணே, ஜெல் மாத்தி வைக்கிற வரைக்கும் போரிக் பவுடர் போடலாமா, பையன் கேரம் போர்டுக்கு வாங்குனது ஒரு டப்பா கிடக்கு. சமைக்கிற இடமாச்சேன்னு பயமா இருக்கு.


கோவை_மருந்தடி:

போடலாமுங்க, ஆனா தீனியில கலந்து வைக்காதீங்க, மெஸ்ஸுல மாவு உருண்டை கிடந்தா யாராச்சும் எடுத்துருவாங்க, குழந்தைங்க வந்துட்டா இன்னும் வம்பு. பவுடராவே மெல்லிசா தூவுங்க, தூவுனது கண்ணுக்கே தெரியக் கூடாது, அந்த அளவு. இதுல என்ன வசதின்னா அதுக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையாங்கிற பேச்சே இல்லீங்க. மேல நடந்து போகும், காலு மீசையெல்லாம் ஒட்டிக்கும், அது சுத்தக்காரப் பூச்சி, உக்காந்து மீசையை வாயில இழுத்து இழுத்துச் சுத்தம் பண்ணும், அப்படியே உள்ள போயிரும். சாவுறதுக்கு நாளாகும், உடனே பலன் தெரியலைன்னு மேல ஸ்ப்ரே அடிச்சுடாதீங்க.

ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, செவுத்து வெடிப்பு, மேடைக்கு அடியில இருக்கிற சந்து, அந்த மாதிரி கை படாத இடத்துல மட்டும் போடுங்க. மாவு அரைக்கிற பக்கம், பாத்திரம் கவுக்கிற பக்கம், ஃபேன் காத்து அடிக்கிற இடம் வேண்டவே வேண்டாம். போடும்போது மூக்கைக் கட்டிக்கோங்க, முடிச்சுட்டு கையைக் கழுவிடுங்க. குவியலா கொட்டுனா சுத்திக்கிட்டுப் போயிரும், ஈரம் பட்டுக் கட்டியானாலும் பிரயோஜனம் இல்லீங்க, அதைத் துடைச்சு எடுத்துட்டு நல்லா காய விட்டுப் புதுசா தூவோணும்.